பின்பக்கத்திலிருந்து தொடங்கிய படிப்பு

கல்யாணமாகி மூன்றாவது வாரம், என் கணவரின் தகரப் பெட்டியைத் துடைத்து வைக்கலாம் என்று திறந்தேன். வேட்டி சட்டைக்கு அடியில் அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்கள் இருந்தன. சரித்திரம், பூகோளம், கணக்கு, விஞ்ஞானம், இங்கிலீஷ். ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டும்போதுதான் அதைக் கவனித்தேன். எல்லாப் புத்தகத்திலும் முன்பாதி கசங்கி, ஓரம் கறுத்து, எண்ணெய்க் கறையும் விரல் அழுக்குமாக இருந்தது. பின்பாதி நேற்றுத்தான் அச்சாபீஸிலிருந்து வந்தது போல வெள்ளையாக இருந்தது. சரித்திரப் புத்தகத்தின் கடைசித் தாள்கள் சில இன்னும் ஓரம் பிரிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் வயலிலிருந்து உள்ளே வந்தார். அவர் என் சொந்த அத்தை மகன், மார்க்கையன்கோட்டைக்காரர். நான் தேவதானப்பட்டியில் பிறந்தவள். சின்ன வயதிலிருந்தே "மச்சான்" என்று கூப்பிட்டுப் பழகியதால் புதுப்பெண் பயமெல்லாம் எனக்கு இல்லை.

"மச்சான், எல்லாப் புஸ்தகத்துலயும் பின்னாடி பாதி மட்டும் ஏன் இப்படிப் புத்தம் புதுசா இருக்கு? எலிகூடத் தொடலையே."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "அஞ்சாப்போட நின்ன புள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று பெட்டியை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் சொன்னது நிஜம்தான். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவரு" என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். படித்தவர்தான், பாஸானவர் இல்லை; இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தவறியிருந்தார் என்பது நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் படிக்கும் விதத்தை அத்தைதான் எனக்கு விவரித்தார். "எம் மகன் வாசிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும் ஆத்தா. தொண்டை கட்டிப்போகும், அப்பவும் விடமாட்டான்" என்றார். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது முதல் பக்கத்தில் தொடங்கி உரக்க வாசித்துக்கொண்டே போவாராம். பாதிப் புத்தகம் வரும் சமயம் அறுவடை வரும், இல்லை காய்ச்சல் வரும், இல்லை சொந்தத்தில் ஒரு கல்யாணம் வரும். பத்து நாள் விட்டுப்போகும். மறுபடி உட்காரும்போது, படித்ததெல்லாம் மறந்திருக்கும் என்ற பயத்தில் திரும்பவும் முதல் பக்கத்துக்கே போய்விடுவார். இப்படியே இரண்டு வருஷம். பாதி வரைக்கும் அவரை அசைக்க முடியாது. மீதிப் பாதியிலிருந்து வந்த கேள்விகளுக்கு அவர் விடைத்தாளில் வெறுமனே நம்பர் மட்டும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

என் மாமனார் அதிகம் பேசாதவர். அந்த ஆவணி மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "ஏலே, வர்ற பங்குனியோட சரி. பாஸானா ட்ரெயினிங் படிச்சு வாத்தியாராப் போ. இல்லேன்னா வடக்கு வயலப் பாத்துக்க. ரெண்டுமே நல்ல பொழப்புத்தான். ஆனா ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு இருக்காதே."

அன்று என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. புத்தகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஆவணியிலிருந்து பங்குனி வரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏழு மாதம். ஏழு மாதத்தில் இரண்டு போகம் நெல்லுக்கான வேலையையே முடிக்கிறார்கள், பாதிப் புத்தகத்தை முடிக்க முடியாதா என்று எனக்குத் தோன்றியது.

அப்போது யுத்த காலம். மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைத்தது. விளக்கு வைத்து ராத்திரியில் படிக்கிற பேச்சே இல்லை. நோட்டுப் புத்தகம் சின்னமனூரில்கூடக் கிடைக்கவில்லை. வெளிச்சம் இருக்கிற நேரத்தில், வயல் வேலைக்கு நடுவில்தான் படிக்க வேண்டும்.

முதலில் அவரே ஒரு திட்டம் போட்டார். வீட்டிலிருந்த ஒரே நல்ல தாளை எடுத்து, கட்டம் கட்டி, சிவப்பு மையில் கிழமையும் நீல மையில் மணியும் எழுதினார். ஐந்து மணியிலிருந்து ஆறேகால் வரை கணக்கு, ஆறேகாலிலிருந்து ஏழு வரை இங்கிலீஷ் என்று அத்தனை அழகாக இருந்தது. அதைப் போட அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. வாசல் சுவரில் ஒட்டி முடித்த பிறகுதான் நான் கேட்டேன்.

"மச்சான், நம்ம வீட்டுல கடிகாரம் இல்லையே?"

"பக்கத்துத் தெருவுல இருக்குல்ல?"

"ஆறேகால் ஆச்சான்னு பாக்க அங்கன ஓடிட்டு வருவீகளா?"

நான்காம் நாள் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை வந்தது. விடிவதற்கு முன்னாலேயே மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனவர் வெயில் ஏறித்தான் திரும்பினார். கணக்கும் போயிற்று, இங்கிலீஷும் போயிற்று. சேறு காலோடு அந்தத் தாளின் முன்னால் நின்று, "போச்சு புள்ள. இனி எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழும்" என்றார். மறுநாளும் புத்தகத்தைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே நான் என் யோசனையைச் சொன்னேன். மணியை விட்டுவிடலாம், வேலையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். வெளிச்சம் வந்ததிலிருந்து பால் கறந்து முடியும் வரை கணக்கு. காலைக் கஞ்சிக்கு முன்னால் இங்கிலீஷ். மத்தியானம் வேலைக்காரர்கள் ஓய்வெடுக்கிற நேரம் சரித்திரமும் பூகோளமும், ஒருநாள் விட்டு ஒருநாள். மாடு தொழுவத்துக்கு வந்ததிலிருந்து இருட்டுகிற வரை விஞ்ஞானம். எந்தப் புத்தகமானாலும் முதலில் கடைசிப் பாடம். அங்கிருந்து முன்னால் வரவேண்டும். செவ்வாயும் ஞாயிறும் எந்தப் பாடமும் கிடையாது.

"வாரத்துல ரெண்டு நாள் சும்மாவா? பரீட்சைக்குப் படிக்கிறவன் செய்யிற காரியமா அது?" என்றார்.

"தண்ணி முறை வரும், விருந்தாளி வருவாக, தலவலி வரும். விட்டுப்போனத அந்த ரெண்டு நாள்ல எட்டிப் பிடிக்கலாம். ஒண்ணும் விட்டுப்போகலேன்னா அன்னைக்கு மலையடிவாரத்துப் பக்கம் நடந்துட்டு வருவோம்."

பக்கத்தில் பால் செம்போடு நின்ற அத்தை, "நாத்துப் பாவும்போது நாலு பிடி கூடத்தானே வெதைக்கிறோம். அவ சொல்றது சரிதான்லே" என்றார். அத்தை என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியே போய்ச் சுவரிலிருந்த சிவப்பு நீலத் தாளைப் பிய்த்து எடுத்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அதை மடித்துப் பத்திரப்படுத்தினார்.

அடுத்து வந்ததுதான் எங்களுக்குள் நடந்த ஒரே பெரிய சண்டை.

ஒரு வாரம் கழித்து, பூகோளத்தின் கடைசிப் பாடத்தை நான்கு முறை உரக்க வாசித்து முடித்துவிட்டு, "இது என் நாக்கு நுனியில இருக்கு" என்றார். நான் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

"அப்ப எங்கிட்டச் சொல்லுங்க மச்சான்."

"என்னத்த?"

"இதுல என்ன இருக்குன்னு. கதை சொல்ற மாதிரி."

அவர் ஆரம்பித்தார். முதல் இரண்டு வரி புத்தகத்தில் இருந்தபடியே வந்தது. மூன்றாவது வரியில் நின்றார். தொண்டையைச் செருமினார். மறுபடி முதல் வரியிலிருந்து வந்தார். அதே மூன்றாவது வரியில் மறுபடி நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, காத்திருந்தேன். அதுவே அவருக்குத் தாங்கவில்லை போலும். "நீ மொறச்சுப் பாத்தா எப்படி வரும்?" என்று கத்தினார். "நாலு தடவ வாசிச்சிருக்கேன். வராம எங்க போகும்? பரீட்சையில தானா வரும்."

"போன ரெண்டு தடவ வந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அத்தையிடம் "தண்ணி குடுக்கச் சொல்லுங்க" என்பார். நான் அவருக்கு எதிரிலேயே நின்றிருப்பேன். நான் சமையற்கட்டில் போய் அழுதேன். படிக்காதவள், என்ன தெரியும் என்று இதில் தலையிட்டேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். நான் வாசலுக்குச் சாணம் கரைத்துக்கொண்டிருந்தேன். பூகோளப் புத்தகத்தோடு வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். புத்தகத்தை என் பக்கம் நீட்டிவிட்டு, "கேளு" என்றார்.

"கையெல்லாம் சாணி."

"பரவாயில்ல, கழுவிட்டு வந்து கேளு. நேத்து மூணாவது வரியில நின்னுபோச்சுல்ல, வாய்க்கால் வரப்புல உக்காந்து புஸ்தகம் இல்லாமச் சொல்லிப் பாத்தேன். எட்டு இடத்துல நிக்குது புள்ள. எட்டு இடம்! அந்த எட்டை மட்டும் பாத்துட்டு வந்திருக்கேன்."

கழுவிவிட்டு வந்து கேட்டேன். ஐந்து இடம் சரியாக வந்தது. மூன்று வரவில்லை. எதெல்லாம் வரவில்லை என்று தெரிந்துகொண்டதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பொருள் கிடைத்ததுபோல எழுந்து வாசலில் இங்கும் அங்கும் நடந்தார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் உரக்க வாசிக்கிற சத்தம் நின்றது. தெருவில் இரண்டு பேர் அத்தையிடம் வந்து, "மகன் படிப்ப விட்டுட்டாகளா?" என்றுகூட விசாரித்தார்கள். உள்அறையில் நெல் கொட்டி வைக்கிற குலுக்கையின் மண் சுவரில் நான் சுண்ணாம்பால் புள்ளி வைத்தேன், ஒரு பாடத்துக்கு ஒரு புள்ளி. புத்தகம் பார்க்காமல் அவர் சொல்லிவிட்டால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு வாரம் கழித்து அதே பாடத்தைத் திடீரென்று கேட்பேன். சொன்னால் இரண்டாவது வட்டம். ஒரு மாதம் கழித்தும் சொன்னால் மூன்றாவது. ஒரே வட்டத்தோடு நின்றுபோன பாடங்கள் தூரத்திலிருந்தே தெரியும். செவ்வாய்க்கிழமை வந்தால் நேராக அவற்றிடம் போவோம். கார்த்திகைக்கு வீடு மெழுகும்போது அத்தை அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டார். மூன்று வட்டம் விழுந்த புள்ளிகளுக்குத் தானாகவே செம்மண்ணில் இதழ் போட்டு வைத்தார். "பூத்திருச்சுல்ல" என்றார்.

ஐப்பசியில் இரண்டாம் போகத்துக்கு உழுது, சேறடித்து, பரம்பு ஓட்டிச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள். பரம்படித்த வயலைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி மாதிரி இருக்கும். என் கணவருக்குத் தாள் பஞ்சம். நடவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு நீளக் குச்சியை எடுத்து, வரப்பில் நின்றபடியே வயலின் மூலையில் ஒரு செங்கோண முக்கோணம் போட்டார். அதன் மூன்று பக்கத்திலும் மூன்று சதுரம். ஆளுயரத்துக்குப் படம். தேற்றத்தை வரிவரியாக அதன் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் முகத்தில் சேறு அப்பியிருக்க, ஒரு தடவைகூட நிற்காமல் அவர் கடைசி வரி வரை போனதைப் பார்க்கச் சினிமா பார்ப்பது போல இருந்தது.

மறுநாள் காலை நடவுக்குப் பெண்கள் இறங்கும்போது மாமனார் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, வயல்ல யாரு கோலம் போட்டது?"

என் கணவர் நடுங்கிவிட்டார். "அது வந்து... கணக்குப்பா."

மாமனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்தப் படத்தைச் சுற்றி வந்தார். "இது என்ன சொல்லுது?" என்று கேட்டார். இவர் சொன்னார்: இந்த இரண்டு சின்னச் சதுரத்தின் பரப்பையும் கூட்டினால் அந்தப் பெரிய சதுரத்தின் பரப்பு வரும்.

நடவுப் பெண்களில் ஒருத்தி நாற்றுக் கட்டைக் கையில் வைத்தபடி, "அதெப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீக? இந்த ரெண்டுலயும் நட்டா எத்தன நாத்துப் பிடிக்குமோ, அதே அளவுதான் பெருசுலயும் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

"பிடிக்கும்" என்றார்.

"நட்டுப் பாத்துருவோமா?" என்றாள் அவள்.

மாமனார் சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "நட்டுப் பாருங்கத்தா" என்றார். ஒரே இடைவெளியில் மூன்று சதுரத்திலும் நட்டார்கள். சின்ன இரண்டுக்கும் சேர்த்துப் பிடித்த நாற்றும் பெரியதற்குப் பிடித்த நாற்றும் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. இரண்டு மூன்று நாற்றுத்தான் வித்தியாசம். அதற்கும் அந்தப் பெண், "நான் ஓரத்துல கொஞ்சம் நெருக்கமா நட்டுட்டேன்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். வயல் முழுக்கச் சிரிப்பு. அதன் பிறகு அவர் வரப்பில் நடந்தால் பெண்கள் "இன்னைக்கு என்ன கணக்கு?" என்று கேட்பார்கள். அவரும் நின்று சொல்வார். அவர்கள் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அவரிடம் பதில் இருக்காது. அவசரமாக வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டுவார்.

இங்கிலீஷ்தான் பெரிய மலையாக நின்றது. எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. என்ன செய்தோம் என்றால், அவர் ஒரு பாராவை வாசித்துவிட்டு, மூடி வைத்து, சிலேட்டில் எழுதுவார். நான் புத்தகத்தையும் சிலேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவேன். அர்த்தம் தெரியாது, வடிவம் தெரியும். "இங்கன வயிறு வச்ச எழுத்து ஒண்ணு இருக்கணும், விட்டுட்டீக" என்பேன். முதலில் சிரித்தார். தை மாதம் வந்தபோது எழுத்துகளின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. மாசியில் ஒருநாள் பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை நான் இங்கிலீஷில் கூட்டி வாசித்தபோது, அவர் சந்தையில் நிற்கிறோம் என்பதையே மறந்து, "இன்னொரு தடவ வாசி, இன்னொரு தடவ வாசி" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பரீட்சை பெரியகுளத்தில். அங்கிருந்து என் பிறந்த ஊர் பக்கம் என்பதால், தேவதானப்பட்டியில் எங்கள் அம்மா வீட்டில் தங்கி எழுதுவதென்று முடிவு. பரீட்சைக்கு முதல் நாள் கிளம்பினால் போதும் என்றார் அவர். நான் மூன்று நாள் முன்னால் கிளம்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு பெரிய அடுப்பு. கண்டக்டர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அதை ஊதுவார். எங்கள் பஸ் வீரபாண்டி தாண்டியதும் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்றது. கடைசியில் தேனிக்கு வாழைத்தார் ஏற்றிப் போன ஒரு மாட்டு வண்டியில் தார்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டோம். வண்டிக்காரர் போடி மலையில் ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்து பாதி மலையாளம் கலந்து பேசுகிறவர். என் கணவர் அவருக்கு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து நீராவி எப்படி இயந்திரத்தை ஓட்டுகிறது என்று விளக்கிக்கொண்டே வந்தார். வண்டிக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எங் காளைக்குப் புல்லு போதும்" என்றார். தேனியில் இரவு தங்கி, மறுநாள் மத்தியானம் ஊர் சேர்ந்தோம். இன்னும் ஒரு முழு நாள் கையில் இருந்தது. அன்று அவர் புத்தகத்தைத் தொடாமல் என் தம்பியோடு சேர்ந்து கிணற்றில் நீந்தினார்.

பரீட்சை நாட்களுக்கு ஒரு விதி வைத்திருந்தோம். எழுதி முடித்த தாளைப் பற்றிப் பேச்சு கிடையாது. அடுத்ததைத்தான் பார்க்க வேண்டும். கணக்குப் பரீட்சை அன்று அவர் திரும்பி வந்தபோது, விதியைப் போட்ட நானே வாசலில் ஓடிப் போய், "வந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

"பேசக்கூடாதுன்னு சொன்னியே?"

"ஒரு வார்த்த மட்டும் சொல்லுங்க மச்சான்."

"வயல்ல போட்டது வந்துச்சு" என்றார். "எழுதும்போது சேத்து வாடைகூட வந்துச்சு புள்ள."

விஞ்ஞானம் அவ்வளவு சரியாக எழுதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் இங்கிலீஷைத்தான் பார்த்தோம்.

முடிவு வைகாசியில் வந்தது. பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவரும் மாமனாரும் விடியற்காலையில் பஸ் ஏறினார்கள். நானும் அத்தையும் வீட்டில் இருந்தோம். அத்தை ஒரு படி அரிசியை மூன்று தடவை புடைத்தார். நான் அடுப்பில் வைத்த பருப்பைத் தீய்த்தேன். வெயில் இறங்குகிற நேரம், தெருக்கோடியில் பேச்சுச் சத்தம். நாங்கள் வாசலுக்கு வந்தோம். மாமனார் முன்னால் வந்துகொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கத் தெருவில் தலைகுனிந்து நடந்த மனுஷர், அன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டு வந்தார். "எம் மகன் பாஸாயிட்டான். இங்கிலீஷும் பாஸ், கணக்கும் பாஸ், எல்லாம் பாஸ்." அவர் ஐந்தாவது வீட்டில் நிற்கும்போதே எங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் எங்கள் வாசலுக்கு வந்து முதலிலிருந்து சொல்லும் வரை காத்திருந்தோம்.

என் கணவர் பின்னால் வந்தார். என்னைப் பார்த்ததும், "விஞ்ஞானம்கூடத் தப்பிச்சிருச்சு" என்றார். அத்தை அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை முடிந்ததும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார். தெருவில் பாதிப் பேர் அன்று எங்கள் வீட்டில் பணியாரம் சாப்பிட்டார்கள். நடவுக்கு வந்த அந்தப் பெண், வயலில் பழியைப் போட்டுக்கொண்டது போலவே பெருமையையும் தன்மேல் போட்டுக்கொண்டு, "எங் கையால நட்டதுலதான் பாஸானாக" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அதை மறுக்கவில்லை.

ஆனி பிறந்ததும் அவர் மதுரைக்கு வாத்தியார் ட்ரெயினிங் படிக்கப் போனார். பஸ் ஏறுமுன் மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். மாமனார் தலையை ஆட்டினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதற்கு இரண்டு பேரும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மதுரையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஆறாம் வகுப்புப் புத்தகங்கள், புதியவை. மேலே ஒரு துண்டுத் தாளில், எட்டாவது பரீட்சையைத் தனியாக எழுதப் பெண்களையும் விடுகிறார்கள், விசாரித்துவிட்டேன், அப்பாவும் சம்மதித்துவிட்டார் என்று எழுதியிருந்தார்.

நான் அதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அத்தை எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். பிறகு, "மத்தியானச் சோத்துக்கு நான் பாத்துக்கிறேன். நீ உக்காரு ஆத்தா" என்றார்.